வலது பக்க இருக்கை

கம்பெனியில் அவருக்கு 'மெதுவா சார்' என்று பெயர். துணை விமானிகள் எதையாவது அவசரமாகத் தொட்டால், "மெதுவாப்பா, மெதுவா... விமானம் எங்கயும் ஓடிடாது" என்பார். பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்ல அவரால்தான் முடியும். இறக்கையில் இரண்டு பெரிய விசிறிகள் சுழலும் ஐம்பது பேர் விமானம் அது. மழையோ காற்றோ, சின்ன ஊர்களுக்கு அதை ஓட்டி ஓட்டியே அவர் தலை நரைத்தது.

திடீரென்று கம்பெனிக்கு ஆசை பெருத்தது. பெருநகரங்களுக்கு நடுவே பெரிய கம்பெனிகள் மட்டுமே பறந்த தடங்களில் தானும் இறங்கப்போவதாகச் சொல்லி ஜெட் விமானங்கள் வாங்கியது. பயிற்சிக்குப் பெயர் வந்த அன்றே அவர் வீட்டில் சொல்லிவிட்டார். வீட்டில் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி, ஏனென்றால் மாமனார் அங்கேதான் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முடிவெட்டும் கடை, மருந்துக்கடை, பல் டாக்டர் என்று போன இடமெல்லாம் ஒரே பாட்டு: "நான் ரோட்டுல ஓட்டினேன். என் மாப்பிள்ளை மேகத்துல ஓட்டுறார். இனிமே ஜெட்டு!"

ஜெட் அவருக்குக் கைகொடுக்கவில்லை. பயிற்சிக்கூடத்தில், தரையிலேயே நிற்கும் சிமுலேட்டர் என்ற பொய்விமானத்தில் எல்லாமே அவர் பழகியதைவிட வேகமாக வந்தது. அவர் ஒன்றை யோசித்து முடிப்பதற்குள் ஓடுபாதை மூக்குக்கு நேரே நின்றது. கேப்டன் பரீட்சையில் அவர் தேறவில்லை. தேர்வாளர் மரியாதையான மனிதர். "சார், உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. பழைய விமானத்துல கேப்டனாவே இருக்கலாம். இல்லேன்னா ஜெட்ல துணை விமானியா உட்கார்ந்து பழகிட்டு, அப்புறம் மறுபடி எழுதலாம்" என்றார்.

பழையதற்கே திரும்பியிருக்கலாம், அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் மருந்துக்கடைக்காரர் முகமும் பல் டாக்டர் முகமும் கண்முன் வந்து நின்றன. "ஜெட்லயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் பரீட்சை பற்றி மூச்சு விடவில்லை. கேப்டனுக்குரிய நான்கு தங்கக் கோடு போட்ட தோள்பட்டைகளோடு வீட்டைவிட்டுப் புறப்படுவார். விமான நிலையத்துக் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவற்றைக் கழற்றி, துணை விமானியின் மூன்று கோட்டை மாட்டிக்கொள்வார். திருடனுக்காவது கூட்டாளி இருப்பான்.

அதைவிடக் கொடுமை, இவர் வலது இருக்கையில் இருக்க, இடது இருக்கையில் உட்கார்ந்த கேப்டன். முன்பு இவரிடம் துணை விமானியாக இருந்து, "உனக்கு என்னப்பா வால்ல தீயா?" என்று நூறு தடவை திட்டு வாங்கிய அதே பையன். அவன் பழசை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதும் 'சார்' என்றுதான் கூப்பிட்டான். அந்த 'சார்' இவருக்கு முள்ளாய்க் குத்தியது.

ஒரு நாள் மனைவியும் மாமனாரும் உறவுக்காரக் கல்யாணத்துக்காக அதே விமானத்தில் ஏறினார்கள். கதவு சாத்தியதும் இவர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, ஒரு உதவி. என் வீட்டு ஆளுங்க பின்னாடி இருக்காங்க. இன்னைக்கு மைக்ல நான் பேசட்டுமா?"

"இதுக்கு என்ன சார் கேள்வி? பேசுங்க."

இவர் மைக்கை எடுத்தார். "வணக்கம். உங்கள் கேப்டன் பேசுகிறேன்..." பல வருஷப் பழக்கத்தில் நாக்கு தவறிவிட்டது என்று வேறு யாரிடமாவது சொல்லலாம். தவறவில்லை என்று அவருக்குத் தெரியும். பின்னால் யாரோ கைதட்டும் சத்தம் கேட்டது. அது மாமனார்தான். இளைஞன் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த கருவிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விமானம் இறங்கியதும் இவர் உள்ளேயே ஒளிந்துகொள்ளத்தான் நினைத்தார். மாமனார் விட்டால்தானே! பயணிகள் எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்து, காக்பிட் வாசலுக்கே வந்துவிட்டார். விமானிகள் இருவரும் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. மாமனாருக்குக் கண் சரியாகத் தெரியாது. மனைவிக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் பார்வை கணவர் தோளில் நின்றது, இளைஞன் தோளுக்குப் போனது, மறுபடி கணவர் தோளுக்கே வந்தது.

மாமனார் இளைஞனின் முதுகில் தட்டினார். "தம்பி, நீ குடுத்து வச்சவன். இவர்கிட்ட நல்லா கத்துக்க. அவசரப்படாதே. இவர் மாதிரி கேப்டன் கிடைக்கமாட்டார்."

இளைஞன் இவரைப் பார்த்தான். அரை நொடிதான். "ஆமாங்க ஐயா. இவர்கிட்டதான் நான் கத்துக்கிட்டேன்" என்றான்.

இவர் குனிந்து பையை எடுத்தார். அவன் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

கல்யாண வீட்டில் அடுத்த நாள் இரண்டு பேரும் தனியாக இருந்தபோதுதான் மனைவி வாயைத் திறந்தாள். "எனக்கு எண்ணத் தெரியும்."

"பரீட்சையில தேறல. சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"பரீட்சையில தோத்தது தப்பில்ல. என் கிளாஸ்ல பாதி பேர் தோக்குறாங்க. அந்தப் பையனோட கேப்டன் பட்டத்தை மைக்ல திருடினீங்களே, அதுதான். எங்கப்பாவை வேற கோமாளியாக்கிட்டீங்க. அவர்கிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

ஊர் திரும்பியதும் இவர் மாமனார் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப அன்னைக்கு வண்டியை ஓட்டினது அந்தப் பையனா?"

"ஆமா மாமா."

"அவன்கிட்டப் போயா நான் கத்துக்கச் சொன்னேன்? என்ன நினைச்சிருப்பான் மாப்பிள்ளை? போனைப் போட்டுக் குடுங்க."

"மாமா, நானே பேசிக்கறேன்..."

"நீங்க பேச வேண்டியது வேற. நான் பேச வேண்டியது வேற."

பக்கத்திலேயே உட்கார்ந்து இவர் கேட்க வேண்டியிருந்தது. வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தவிர வேறெதன் முன்னாலும் குனியாத மனுஷர், தன் பேரன் வயதுப் பையனிடம், "தெரியாமப் பேசிட்டேன் தம்பி, மனசுல வச்சுக்காதே" என்றார். செய்தவர் ஒருவர், மன்னிப்புக் கேட்டவர் இன்னொருவர். பிறகு இவரும் போனை வாங்கினார். ஆனால் "தம்பி..." என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. "பரவாயில்ல சார், விடுங்க" என்று அவனே முடித்து வைத்தான்.

அடுத்த மாதமே அவர் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய விசிறி விமானத்துக்குத் திரும்பினார். மாமனார் அதற்கப்புறம் மருந்துக்கடைக்குப் போனால் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

புதிதாகச் சேரும் துணை விமானிகள் இப்போதும் கேட்கிறார்கள்: "ஜெட்டுக்குப் போயிட்டு ஏன் சார் திரும்பி வந்துட்டீங்க?"

"பரீட்சையில தோத்துட்டேன்" என்கிறார். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் பேச்சை மாற்றுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் அவருக்குக் காது மடல் சுடுகிறது. ஆனாலும் அவர் வேறு பதில் சொல்வதில்லை.