தொண்ணூறு, மெர்வ்

இதில் நானாகச் சேர்த்தது ஒரு வரிகூட இல்லை. சாட்சிக்கு என் மனைவி நொலீன் இருக்கிறாள். டெஸ் என்ற லாரி டிரைவர் இருக்கிறார். நேரங்களையும் சரியாகவே சொல்வேன். அன்று சாலையைப் பார்த்ததைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

இன்னொன்று. இது இருட்டில் நடந்ததல்ல. நல்ல வெயிலில் நடந்தது.

மூன்று வருடங்களுக்கு முன், ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அடிலெய்டிலிருந்து பெர்த்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். காருக்குப் பின்னால், அது இழுத்துவரும் சின்ன வீடு மாதிரி எங்கள் கேரவன். இரண்டு டன் எடை. பழைய வண்டிகள் விற்கும் ஒரு கடையில், விலை மலிவு என்று வாங்கியது. ஏன் மலிவு என்று நான் கேட்கவில்லை.

எங்கள் மகள் கெய்லிக்கு வியாழன் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை தங்கவில்லை. அப்போது நொலீன் போய்ச் சேர ஒரு நாள் தாமதமாகிவிட்டது. இந்த முறை, "கண்ணைத் திறக்கிறப்போ நான் உன் பக்கத்துல இருப்பேன்" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வழியில் சக்கரத்தில் கோளாறு. இரண்டு நாள் வீண். இனி ஒரு மணி நேரம்கூட வீணாகக் கூடாது என்று எனக்குள் ஒரு வெறி.

காய்குனாவில் பெட்ரோல் போட்டுக் கிளம்பியபோது 3.05. அந்த ஊரைத் தாண்டியதும் கடிகாரத்தை முக்கால் மணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டும். பெர்த் நேரம் அங்கே ஆரம்பிக்கிறது. நொலீன்தான் முள்ளைத் திருப்பினாள். 2.20.

"பாரு, முக்கால் மணி நேரம் சும்மா கிடைச்சுது. இப்பவாவது மெதுவாப் போ."

"அதையும் சேர்த்து ஓட்டினாத்தான் பொழுது சாயறதுக்குள்ள பல்லடோனியா போய்ச் சேர முடியும். அப்புறம் கங்காரு குறுக்க வரும்."

"கங்காருவுக்குப் புத்தி இருக்கு. உன்னைப் பார்த்தா வராது."

சாலை அங்கே நூற்று நாற்பத்தாறு கிலோமீட்டர் ஒரே கோடு. வளைவே கிடையாது. கேரவன் இழுப்பவர்களுக்கு அங்கே சட்டம் நூறு. விவரம் தெரிந்தவர்கள் தொண்ணூறில் போவார்கள்.

நான் தொண்ணூற்றாறில் இருந்தேன்.

2.31. கார் ரேடியோ கரகரத்தது. பாட்டுப் போடும் ரேடியோ இல்லை. லாரிக்காரர்களும் கேரவன்காரர்களும் பேசிக்கொள்வதற்கென்று இருக்கும் ரேடியோ. நாற்பதாம் சேனல். ஒருவர் பேசினால் சாலையில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்.

ஒரு வயதான பெண்ணின் குரல். அமைதியான குரல்.

"தொண்ணூறு, மெர்வ்."

நொலீன் சிரித்துவிட்டாள். "பாவம் அந்தம்மா. அங்கயும் ஒரு க்ளென் ஓட்டறான் போல."

க்ளென் என்பது நான்.

நூறைத் தொட்டேன். உடனே…

"நூறு ஆயிடுச்சு, மெர்வ்."

தற்செயல் என்றுதான் நினைத்தேன். சும்மா தொண்ணூறுக்கு இறக்கினேன். ரேடியோ வாய் திறக்கவில்லை. மூன்று நிமிடம். நான்கு நிமிடம். மறுபடி ஏற்றினேன். முள் நூற்றொன்றில் நின்றது.

"நூத்தி ஒண்ணு, மெர்வ். வேண்டாம்."

நொலீனின் சிரிப்பு நின்றது. முன்னால் பார்த்தாள். திரும்பிப் பின்னால் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை எங்களைத் தவிர ஒரு வண்டி இல்லை.

"க்ளென், நம்ம வேகத்தை யாரோ பார்க்கறாங்க."

"எங்கிருந்து பார்ப்பாங்க? மரத்து மேலிருந்தா? இங்க மரமே இல்ல."

அப்போதுதான் கவனித்தேன். அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம். மரக்கதவு அடித்துக்கொள்வது போல. டக்… டக்… டக்… காரின் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அரை நொடி கழித்து ரேடியோவில், டடக்!

இன்னொரு பள்ளம். அரை நொடி.

டடக்!

காரின் சக்கரம் கடந்த பள்ளத்தைக் கேரவனின் சக்கரம் கடக்க ஆகும் நேரம் அது.

2.44. சத்தக் குமிழைப் பூஜ்யம் வரை திருகினேன்.

"ஏன் குறைக்கிறே?" என்றாள் நொலீன்.

"எவளோ கிறுக்கி. ஊரே கேட்டுச் சிரிக்கும்."

ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். நூற்றைந்து.

2.49. சாலை நடுவில் செத்துக் கிடந்த கங்காருவின்மேல் ஒரு பெரிய கழுகு உட்கார்ந்திருந்தது. கழுகு சட்டென்று எழும்பாது. அறுபதுக்கு இறங்க வேண்டியதாயிற்று. அது சோம்பலாகச் சிறகை விரித்து விலகியபோது கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ஒரு லாரி. மூன்று பெட்டி கோத்தது. வலப்பக்கம் ஏறி முந்த ஆரம்பித்திருந்தது.

அந்தச் சாலையில் ஒரு மரியாதை உண்டு. லாரி முந்த வந்தால் நாம் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். அதன் வால் நம்மைத் தாண்டியதும் விளக்கை ஒருமுறை அடித்து, 'தாண்டிட்டே, உள்ளே வா' என்று சொல்ல வேண்டும். லாரிக்காரர் இடமும் வலமும் சிமிட்டி நன்றி சொல்வார். இதையெல்லாம் நானே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன்.

ஆனால் அன்று என் மண்டைக்குள் ஒன்றே ஒன்றுதான். இந்த லாரி முன்னால் போனால் பல்லடோனியா வரை இதன் புழுதிதான்.

காலை எடுக்கவில்லை. அழுத்தினேன்.

எண்பது. தொண்ணூறு. நூறு.

லாரி என் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டது. முன்னேறவும் முடியவில்லை, பின்வாங்கவும் முடியவில்லை. தூரத்தில், கானல் நீருக்குள், எதிரே ஒரு விளக்கு மினுங்கியது.

"க்ளென்! விடு! அவன் போகட்டும்!"

நூற்றைந்து.

2.52.

லாரியின் காற்று முதலில் தள்ளியது. பிறகு இழுத்தது. கேரவனின் பின்பகுதி லாரிப் பக்கம் சாய்ந்தது. மறுபக்கம் சாய்ந்தது. மறுபடியும், இன்னும் அகலமாக. ஸ்டீயரிங் என் கையில் இல்லை. இரண்டு டன் கேரவன், நாய் வாலை ஆட்டுவது போலக் காரை ஆட்டியது.

கால் பிரேக்குக்குப் போனது.

ரேடியோ பேசியது.

"பிரேக் வேண்டாம், மெர்வ். கை. கையால."

குமிழ் பூஜ்யத்தில்தான் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

கேரவனுக்கு மட்டும் பிரேக் பிடிக்க, முழங்கால் அருகே ஒரு சின்ன பொத்தான் உண்டு. அவசரத்தில் எல்லாரும் மறப்பது அதைத்தான். மிதிக்காமல் காலைத் தூக்கினேன். கையால் அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

பின்னாலிருந்து யாரோ பிடித்து நிறுத்துவது போல ஓர் இழுப்பு.

ஆட்டம் குறைந்தது.

நேரானது.

லாரி தாண்டியது. எதிரே வந்த கார், ஹார்ன் அலற, எங்களைக் கடந்தது.

அறுபது. ஐம்பது.

நொலீன் அழவில்லை. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

ரேடியோ.

டக்… டக்…

"மெர்வ்… கேக்குதா?"

மைக்கை நாங்கள் இருவருமே தொடவில்லை.

"மெர்வ்… கேக்குதா?"

அதோடு நின்றுவிட்டது.

பல்லடோனியா போய்ச் சேர்ந்தபோது 4.30. தொண்ணூறைத் தாண்டவே இல்லை. சாலையோர உணவகத்தில் ஒரு குண்டு ஆள் கறி வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். அவர்தான் டெஸ். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"என்ன பெருசு, என்னைப் பரலோகத்துக்கு அனுப்ப எத்தனை நாளாத் திட்டம்?"

"மன்னிச்சிடுங்க. என் தப்புதான்."

"தப்பா? உங்க வீட்டம்மா காலைத் தொட்டுக் கும்பிடுங்க. நான் முந்தட்டுமான்னு ரேடியோவுல கேட்டேன். 'கொஞ்சம் பொறுங்க தம்பி, அவர் சத்தத்தைக் குறைச்சு வெச்சிருக்கார், காதுல விழாது'ன்னாங்க. நான்தான் பொறுக்காம ஏறிட்டேன். தாண்டினப்புறமும் அவங்கதான். 'வால் விலகிடுச்சு தம்பி, உள்ள வாங்க, நன்றி'ன்னாங்க. நீங்க விளக்குகூடப் போடல. மரியாதைன்னா அது."

நொலீன் மெதுவாகச் சொன்னாள். "நான் மைக்கைத் தொடவே இல்லையே."

"நீங்க இல்லம்மா. பின்னாடி இருக்காங்களே, அவங்க. வெள்ளை முடி. கேரவனோட பின் ஜன்னல்ல நின்னுக்கிட்டு எனக்குக் கையை ஆட்டினாங்க, 'இரு, வராதே'ன்னு." டெஸ் குரலைத் தாழ்த்தினார். "பெருசு, ஓடற கேரவன்ல ஆளை ஏத்தக் கூடாது. போலீஸ் பார்த்தா…"

எங்கள் கேரவனின் பின்பக்கம் குளியலறை. வெளியே வழுவழுப்பான தகடு.

அதில் ஜன்னலே கிடையாது.

டெஸ்ஸைக் கூட்டிப் போய்க் காட்டினேன். அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நேராகப் போய் லாரியில் ஏறினார். பாதி தின்ற பலகாரம் மேஜையிலேயே கிடந்தது.

நொலீன்தான் நினைவுபடுத்தினாள். "மெர்வ்… அந்தப் பேரை எங்கயோ படிச்சிருக்கேன், க்ளென்." கேரவனின் இழுப்பறையிலிருந்து பழைய சர்வீஸ் புத்தகத்தை எடுத்து வந்தாள். முதல் பக்கத்தில் கையெழுத்தில் ஒரு பெயர். மெர்வின் ஹோஸ்கிங். கீழே ஒரு தொலைபேசி எண்.

உணவகத்து வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஐந்தாவது மணியில் ஒரு கிழவர் எடுத்தார். கேரவனைப் பற்றிச் சொன்னேன். எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனையில போனீங்க?"

"நூத்தஞ்சு."

"நானும் நூத்தஞ்சுதான்."

அவரே சொன்னார். "என் வீட்டுக்காரி ஐரிஸ். அவளுக்கு முதுகு வலி. உட்கார முடியல. பின்னாடி படுக்க வெச்சேன். கூடாதுன்னு தெரியும். ஒரு ராத்திரிக்கு எங்கயாவது நிறுத்தியிருக்கலாம், எனக்கு அவசரம். கையில ஒரு சின்ன ரேடியோ குடுத்தேன். தலைமாட்டுல ஒரு அலமாரிக் கதவு, தாழ்ப்பாள் லூஸ். அது அடிக்கிறதை வெச்சே என் வேகத்தைக் கண்டுபிடிச்சிடுவா. 'தொண்ணூறு, மெர்வ். தொண்ணூறு, மெர்வ்'னு சொல்லிக்கிட்டே வந்தா. லாரிக்காரனுங்கல்லாம் கேட்டுச் சிரிச்சானுங்க. எனக்கு மானம் போச்சு…"

"சத்தத்தைக் குறைச்சீங்க."

"ஆமா."

"அப்புறம்?"

"லாரி ஒண்ணு முந்த வந்துச்சு. நான் விடல. வண்டி ஆடுச்சு. பிரேக்கை மிதிச்சேன்." மூச்சு வாங்கியது. "பின் ஜன்னல் வழியாத்தான் அவ வெளிய விழுந்தா. வண்டியைத் திரும்பக் கட்டினவங்க அந்த ஜன்னலை அடைச்சிட்டாங்க."

"என்னைக்கு… எத்தனை மணிக்கு?"

"அதே ரோடுதான். ஆறு வருஷம் ஆச்சு. என் கைக்கடிகாரம் நின்னுபோச்சு. ரெண்டு அம்பத்திரண்டு."

ரிசீவரை வைத்துவிடத் தோன்றியது. அவர் விடவில்லை.

"கடைசியா அவ என்ன சொன்னாள்னு எனக்குத் தெரியாது தம்பி. ஆறு வருஷமா அதான். உங்களுக்குக் கேட்டிருக்கு. சொல்லுங்க."

சொன்னேன். "பிரேக் வேண்டாம், கையாலன்னு சொன்னாங்க. அப்புறம், 'மெர்வ், கேக்குதா'ன்னாங்க. ரெண்டு தடவை."

அவர் அந்த வார்த்தைகளைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"நீங்க பதில் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லிடுங்க. இல்லேன்னா கேட்டுக்கிட்டேதான் இருப்பா."

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை இரவு பெர்த் சேர்ந்துவிட்டோம். வியாழன் காலை கெய்லி கண்ணைத் திறந்தபோது நொலீன் பக்கத்தில் இருந்தாள். பேத்தி சௌக்கியம். பிற்பாடு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நேர்ச்சாலை முழுவதும் நூற்றைந்தில் போவதற்கும் தொண்ணூறில் போவதற்கும் வித்தியாசம் பதினான்கு நிமிடம்.

அன்று பல்லடோனியாவில், காரில் ஏறி உட்கார்ந்தேன். சூரியன் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்ஜினைப் போடவில்லை. காரும் கேரவனும் அசையாமல் நின்றன. ரேடியோ குமிழை மெல்லத் திருகினேன்.

டக் டக் டக் டக் டக் டக்…

நொலீன் என் கையைப் பற்றினாள். "க்ளென்… நாம இன்னும் கிளம்பவே இல்லையே."

நாங்கள் கிளம்பவில்லைதான்.

ஐரிஸ் இருந்த அந்த வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மைக்கை எடுத்தேன்.

"கேக்குது, ஐரிஸ்." மெர்வுக்காக நானே சொன்னேன். "தொண்ணூறுக்கு வந்துட்டேன்."

டக் டக் டக்…

டக்… டக்…

டக்……

டக்………

எங்கேயோ, ஒரு கேரவன் மெதுவாக ஓரம் கட்டி நின்றது.