கலிஸ்ரா கணக்கு வைத்திருந்த காலம்

கலிஸ்ராவை நான் முதன்முதல் கண்டபோது அவள் கடற்கரையில் தகப்பன் அருளப்புவோடு குந்தியிருந்து வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தாள். "நீங்கள்தானே புது ரீச்சர்? கை நாறும், பிறகு வந்து கதைக்கிறன்" என்றாள். பின்னேரம் குளித்துத் தலை பின்னி, மாதா கோயில் மண்டபத்துக்கு வந்தாள். அன்றிலிருந்து மூன்று வருடம் நாங்கள் இருவரும் ஒன்றாகவே திரிந்தோம்.

போர் முடிந்து ஆட்கள் ஊர் திரும்பி ஏழெட்டு வருடம் ஆகியிருந்த நேரம் அது. இடம்பெயர்ந்து திரிந்ததில் பள்ளிக்கூடமே காணாமல் வளர்ந்துவிட்டவர்கள் முல்லைத்தீவுக் கரையோரத்து அந்த ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு எழுத, வாசிக்கச் சொல்லிக் கொடுக்க வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஊர்ச் சங்கத்துக்கு நிதி கொடுத்தது. படிப்பிக்க நான் முரசுமோட்டையிலிருந்து போனேன். உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவள் ஊரில் கலிஸ்ரா ஒருத்திதான். அதனால் பொருளாளர் வேலை அவள் தலையில் விழுந்தது.

கடலுக்குப் போகாத ஆண்களும், கருவாடு காயப்போட்டுவிட்டு வரும் பெண்களுமாக மண்டபம் நிறைந்துவிடும். இடைவேளைக்கு அருளம்மா கடையிலிருந்து தேத்தண்ணி வரும். அருளம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கேத்தலை வாசற்படியில் வைத்துவிட்டு, "பிள்ளையள், ஆறமுதல் குடியுங்கோ" என்று சொல்லிப் போய்விடுவா. உள்ளே வரவே மாட்டா. அவாவுக்கும் எழுத்துத் தெரியாது, அந்த வயதில் வந்து இருக்க வெட்கம்.

நிதி தந்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். வருடம் முடிய, பதிவுபெற்ற கணக்காய்வாளர் ஒருவர் கணக்கைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் விற்றவர் தந்த பில் இருக்க வேண்டும். புத்தகம், சோக்கட்டி, மண்டபத்து மின்சாரம் எல்லாவற்றுக்கும் கலிஸ்ரா பில் வைத்திருந்தாள். தேத்தண்ணிக்கு மட்டும் தானே துண்டுச் சீட்டு எழுதி, அருளம்மாவிடம் கைநாட்டு வாங்கி வைத்திருந்தாள்.

வவுனியாவிலிருந்து கணக்காய்வாளர் செல்வநாயகம் வந்தார். மரியாதையான மனிதர். துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வாங்கினவரே எழுதிய துண்டைத் தன்னால் ஏற்க முடியாது என்றும், அதை அறிக்கையில் குறிப்பிடத்தான் வேண்டும் என்றும் சொன்னார். ஏதும் பில் கிடைத்தால் ஒரு கிழமைக்குள் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

சங்கத் தலைவர் ஸ்ரனிஸ்லஸ் அன்றைக்கே வழி சொன்னார். ரவுண் கடைகளில் வெறும் பில் புத்தகம் விற்கிறார்கள், வாங்கி அருளம்மா எழுதினமாதிரி நாங்களே நிரப்பினால் அலுவல் முடிந்தது, எல்லா இடமும் நடக்கிறதுதான் என்றார். அவர் சொன்னதில் கள்ளமில்லை, வகுப்பு நின்றுவிடும் என்ற பயம்தான்.

கலிஸ்ரா துண்டுகளைத் திரும்ப அடுக்கிக் கட்டினாள். பிறகு சொன்னாள்: "அவா தேத்தண்ணி தந்தது உண்மை அண்ணை. அந்த உண்மையை நான் ஏன் பொய்யாக்க வேணும்?"

அறிக்கை உள்ளபடியே போனது. அடுத்த வருட நிதியில் தேத்தண்ணிச் செலவை வெட்டிவிட்டார்கள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் அவள் மண்டபத்துக்குப் பின்னால் போய் நின்று அழுததைக் கண்டேன். அடுத்த நாள் வகுப்பில் படித்த வின்சன் சோடாப் போத்தலில் வீட்டுத் தேத்தண்ணி கொண்டு வந்தான். அதற்குப் பிறகு எல்லோரும் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஒருவர் போத்தலில் இஞ்சி, ஒருவர் போத்தலில் ஏலக்காய். ஒன்று மாறி ஒன்று குடித்த அந்த இடைவேளைகள் இப்போதும் நாக்கில் நிற்கின்றன.

ஒரு பின்னேரம் நாங்கள் அருளம்மா கடைக்குப் போனோம். "என்னாலதானே பிள்ளை உனக்கு இந்தக் கரைச்சல்" என்றா அவா.

"உங்களால இல்லை மாமி. ஆனால் நீங்கள் வகுப்புக்கு வாங்கோ. பில் எழுதப் பழகினால் தேத்தண்ணிக் காசைத் திரும்பக் கேக்கலாம், எனக்குப் பெரிய உதவி."

தனக்காக என்றால் அவா வந்திருக்க மாட்டா. கலிஸ்ராவுக்கு உதவி என்றதால் வந்து கடைசிக் கதிரையில் இருந்தா. நானும் பாடத்தை மாற்றி, எல்லோரையும் பில் எழுதப் பழக்கினேன். தன் மாமியார் வைத்த நண்டுக் கறிக்கு வின்சன் எழுதிய பில்லை வாசித்து மண்டபமே சிரித்தது. அருளம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. நாலைந்து மாதத்தில் அவா தானே பில் எழுதப் பழகிவிட்டா. அதைச் சொல்லிக் கேட்க, தேத்தண்ணிக் காசுக்கு நிதி தந்தவர்களும் திரும்ப ஒத்துக்கொண்டார்கள்; கேத்தலோடு அவாவின் கையெழுத்தில் பில்லும் வரத் தொடங்கியது.

அடுத்த முறை வந்த செல்வநாயகம் அந்தப் பில்களை நிறைய நேரம் பார்த்தார். முதல் பில்களில் எழுத்து விழுந்து எழும்பிக் கிடந்தது. போகப் போக நிமிர்ந்து வந்தது. கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார். கடை உண்மையாகவே இருக்கிறதா என்று பார்ப்பதும் அவருடைய வேலைதான். கூட்டிக்கொண்டு போனோம். பிளேன்ரீ குடித்துக் காசைக் கொடுத்துவிட்டு எழும்பினார்.

"நில்லுங்கோ சேர்" என்ற அருளம்மா, பில் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லி எழுதிக் கிழித்து நீட்டினா. "கொண்டு போங்கோ. உங்களிட்டயும் ஆரும் கேப்பினம்."

அவர் சிரித்துவிட்டார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த வருட அறிக்கையில் ஒரு குறையும் இருக்கவில்லை.

மூன்றாம் வருடம் முடிய நிதி தந்தவர்கள் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். வகுப்பு நின்றது. நான் திரும்பி வந்தேன். கலிஸ்ரா இப்போது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்க்கிறாள். போன மாதம் அங்கே ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எங்களோடு இருந்த அயலூர்ப் பெண்கள், வகுப்பு எடுத்தவள் அவள்தான் என்று நினைத்து, அவளை "ரீச்சர், ரீச்சர்" என்று கூப்பிட்டுக் கதைத்தார்கள். அவள் ஒருநாளும் யாருக்கும் ஒரு எழுத்துக்கூடப் படிப்பித்ததில்லை. என்னைப் பார்த்து, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார்கள். கலிஸ்ரா சிரிப்பை அடக்க முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.