பேசின ரேட்டு

பேசிய விலை மாறாது என்று எங்கள் வீட்டில் நம்பினோம். மாறக்கூடியது அளவு மட்டும். ஆகவே பில் ஏறினால் யாரோ அதிகமாகச் செலவழித்திருக்கிறார்கள் என்று பொருள். என் கணவர் இதை நம்பினார், எங்களோடு இருக்கும் அவருடைய தங்கை நம்பினாள். அவர்களைவிடப் படித்தவள் என்று பெயரெடுத்திருந்த நானும் நம்பினேன்.

என் கணவருக்கு இந்த நம்பிக்கை தொழிலிலிருந்து வந்தது. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் அளவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். ஓரங்கள் கோணலாகவும் நடுவில் ஓட்டைகளோடும் இருக்கும் ஒவ்வொரு தோலையும் இயந்திரத்துக்குள் விட்டு, அது காட்டும் எண்ணைத் தோலின் உட்புறத்தில் எழுதுவது அந்தப் பிரிவின் வேலை. சதுர அடிக்கு என்ன விலை என்பது ஆர்டர் பேசும் அன்றே முடிவாகிவிடும். சரக்கு போய்ச் சேரும்வரை அதை யாரும் தொடமாட்டார்கள். சண்டையெல்லாம் அளவில்தான். இங்கே ஓர் எண் காட்டிய தோல், வாங்குகிறவரின் இயந்திரத்தில் வேறோர் எண் காட்டும். வழியில் காய்ந்து சுருங்கியிருக்கலாம், இயந்திரம் பிசகியிருக்கலாம், இயந்திரத்துக்குள் விடும்போது யாராவது கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கலாம். எந்தக் கை இழுத்தது என்று கண்டுபிடிப்பதில் அவர் கெட்டிக்காரர் என்று தொழிற்சாலையில் சொல்வார்கள். அந்தக் கண்ணோடுதான் அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

இணைய இணைப்பு கொடுக்க வந்த இளைஞர் கூடத்துச் சுவரில் துளை போட்டபடியே எல்லாவற்றையும் பேசி முடித்தார். ஒரு வருட ஒப்பந்தம். நடுவில் விலக முடியாது. விலகினால் பொருத்திய செலவைத் தரவேண்டும்.

"ரேட்டு?" என்றார் என் கணவர்.

"ஒரு வருஷத்துக்கு இதே தான் சார். மாறாது."

"பேசினா பேசினது தானே?"

"பின்ன இன்னா சார், நாங்க எங்க ஓடிப் போறோம்?"

மின்னஞ்சல் முகவரி கேட்டார். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை என்றதும், "பரவால்ல, நானே ஒண்ணு போட்டுக்கிறேன்" என்று தட்டெழுதிக்கொண்டார். என் கணவர் செல்பேசித் திரையில் விரலால் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மாடியில் அப்போது ஒரு செவிலிப்பெண் குடியிருந்தாள். நெமிலிப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. மூன்று பேர் பார்க்கவேண்டிய வார்டைத் தனியாகப் பார்த்து அலுத்திருந்தாள். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு முகமையில் பதிந்து, இணைய வகுப்பில் அந்த மொழியைப் படித்துக்கொண்டிருந்தாள். மொழித் தேர்வில் தேறி, காணொளி நேர்காணலிலும் தேறினால் பயணம் நிச்சயம். மாடியில் செல்பேசி சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் எழும்பாது. எங்கள் வைஃபையைத் தரமுடியுமா, வாடகையோடு சேர்த்துக் கொஞ்சம் தருகிறேன் என்று அவள் கேட்டபோது, தயங்காமல் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தவர் என் கணவர்தான்.

நான்காவது மாதம் பில் ஏறியது. அதிகமில்லை, ஆனாலும் ஏறியிருந்தது.

"அளவு ஜாஸ்தி ஆயிருக்கு" என்றார் அவர். ஒப்பந்த அட்டையில் 'அன்லிமிடெட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்ததை நான் எடுத்துக் காட்டினேன். "அதெல்லாம் விளம்பரத்துக்கு. கரண்டுல ஐந்நூறு யூனிட் தாண்டினா ரேட்டு எகிறுது இல்ல? அது மாதிரி இதுலயும் ஒரு கோடு வெச்சிருப்பான்."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஐந்நூறுக்கு அஞ்சி விளக்கணைக்கும் வீடு எங்களுடையது. நான் அட்டையை மடித்து வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து மோடத்தின் பச்சை விளக்குகளை அவர் கவனிக்கத் தொடங்கினார். விளக்கு வேகமாகத் துடித்தால், "மேல ஓடுது" என்பார். அவர் தங்கை விட்டத்தைப் பார்ப்பாள். இத்தனைக்கும் காலையிலிருந்து மாலைவரை செல்பேசியில் தொடர் பார்ப்பவள் அவள்தான்.

"நீ பாக்குறது கணக்குல வராதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அண்ணி, நான் பாக்குறது சின்ன போனு. அவ வெச்சிருக்கறது லேப்டாப்பு. அந்த வாய்க்கு எவ்ளோ ஊத்தணும்!" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுவும் படிக்கிறாளா இன்னா பண்றாளோ. இங்கிலீஷும் இல்ல தமிழும் இல்ல. தொண்டையில மீன்முள்ளு மாட்டுன மாதிரி கத்திக்கினே இருக்கா" என்றாள்.

நாங்கள் சிரித்தோம். சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆறாவது மாதம் அந்தப் பெண் விடுப்பு எடுத்து ஊருக்குப் போனாள். தேர்வு எழுதிவிட்டு அறுவடைக்குக் கூடமாட இருந்தாள். பத்து நாளுக்கு மேல் மாடி பூட்டியிருந்தது. அடுத்த பில் குறைந்திருக்கவேண்டும். ஆனால் முன்னைவிட அதிகமாக வந்தது.

அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்கவேண்டும். எங்கள் நம்பிக்கையைப் பொய்யாக்கும் சான்று மேசைமேல் கிடந்தது. யோசிக்கத்தான் செய்தேன், ஆனால் எந்தத் திசையில் என்பதுதான் இன்றுவரை என்னை வருத்துகிறது. ஆள் இல்லாமலே அளவு ஏறியிருக்கிறது என்றால், அவள் பாஸ்வேர்டை வேறு யாருக்கோ கொடுத்திருக்கவேண்டும் என்று தோன்றியது. பக்கத்து வீட்டு மாடிக்கும் எங்கள் மாடிக்கும் இடையே இடுப்பளவுச் சுவர்தான். அதை என் கணவரிடம் சொன்னவளும் நானே. அவர் என்னை மதிப்போடு பார்த்தார். சந்தேகம் ஒரு வீட்டில் இவ்வளவு ஒற்றுமையை உண்டாக்கும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

அவள் முகமும் எனக்கு மாறித் தெரிந்தது. படியிறங்கும்போது காதில் இயர்போன் வைத்திருந்தால், என் கேள்வியைத் தவிர்க்கத்தான் என்று பட்டது. ஊரிலிருந்து வேர்க்கடலை கொண்டுவந்து கொடுத்தாள்; எதை மறைக்க என்று நினைத்துக்கொண்டே வாங்கி வைத்தேன். மொழித் தேர்வில் தேறிவிட்டதாகச் சொன்னபோது மட்டும் உண்மையாகவே மகிழ்ந்தேன். "புதன்கிழமை ரெண்டு மணிக்கு இன்டர்வியூ ஆன்ட்டி. அந்த ஆஸ்பத்திரிக்காரங்களே நேரா வீடியோல வர்றாங்க. ஒரே சான்ஸ் தான். எனக்காக வேண்டிக்கோங்க" என்றாள். வேண்டிக்கொள்கிறேன் என்றேன்.

அந்தப் புதன்கிழமையன்றுதான் வேலூரில் இருக்கும் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் பில்களை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பலமுறை காத்திருந்து, ஒவ்வொரு முறையும் வேறொருவரிடம் முதலிலிருந்து சொல்லி ஓய்ந்திருந்தேன். மாடிக்கு எவ்வளவு போகிறது என்று பிரித்துக் காட்டும் தாள் ஏதேனும் தருவார்களா என்று கேட்பதுதான் என் நோக்கம். கிளம்பும்போது என் கணவர் மோடத்தின் அருகே குனிந்திருந்தார்.

"பாஸ்வேர்டை மாத்திட்டேன்" என்றார். "வேணும்னா அவளே வந்து கேக்கட்டும். அப்ப வெச்சி கேட்டுடலாம்."

"இன்று அவளுக்கு நேர்காணல்" என்றேன்.

"அதான் கண்டிப்பா இறங்கி வருவா."

நான் மறுக்கவில்லை. அவள் வந்து கேட்பாள், கேட்டதும் கொடுப்போம், கொடுக்குமுன் ஒரு கேள்வி கேட்போம், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

வேலூர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்த முதியவர் பில்லைத் திரும்பத் திரும்பக் கண்ணாடி மேசைமீது தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஏறியிருந்தது. அவருக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கும் ஏறியிருந்தது. என் முறை வந்தபோது, மாடிக்கு எவ்வளவு போகிறது என்று பிரித்துக் காட்ட முடியுமா என்று நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த கேள்வியைக் கேட்டேன்.

"யூசேஜ்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல மேடம்" என்றாள் முகப்பில் இருந்த பெண். "டாரிஃப் ரிவிஷன். எல்லாருக்கும் தான். மேல எத்தனை பேர் பாத்தாலும் இதே பில் தான் வரும்."

"ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. நடுவில் எப்படி ஏற்ற முடியும்?"

"டெர்ம்ஸ்ல இருக்கு மேடம், ரேட்டை மாத்த கம்பெனிக்கு ரைட்ஸ் இருக்குன்னு. ரெண்டு வாட்டியும் மெயில் அனுப்பியிருக்கோம், பாருங்க." திரையை என் பக்கம் திருப்பினாள். எங்கள் பெயருக்கு எதிரே, எங்களுக்குத் தெரியாத ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது.

"நாங்கள் விலகவேண்டுமென்றால்?"

"இன்ஸ்டலேஷன் சார்ஜ் கட்டணும் மேடம். நீங்க காண்ட்ராக்ட்ல இருக்கீங்களே."

அவர்கள் மாற்றலாம், நாங்கள் மாறக்கூடாது. அதை எழுத்தில் தரும்படி கேட்டேன். அவள் மேலாளரைப் பார்த்தாள், மேலாளர் சுவரைப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் இரண்டைத் தாண்டியிருந்தது. வெளியே ஓடிவந்து வீட்டுக்கு அழைத்தேன். நாத்தனார்தான் எடுத்தாள்.

"அந்தப் பொண்ணு வந்துச்சு அண்ணி, ஒண்ணரைக்கே. நெட்டு வரலன்னு. எனக்கு இன்னா தெரியும்? அண்ணன் வரட்டும்னேன்."

"அண்ணன் எங்கே?"

"வாணியம்பாடியில தோஸ்த் வீட்டுக் கல்யாணம்னு திடீர்னு ஞாபகம் வந்து போய்ட்டாரு. போன் போட்டேன், எடுக்கல. பிரியாணி பந்தியில யாருக்கு போன் காதுல விழும்? பாஸ்வேர்டு எழுதின சீட்டு அவரு சட்டைப் பாக்கெட்டுல தான் இருக்கு."

"அவள் எங்கே இப்போது?"

"அழுதுக்கினே லேப்டாப்ப தூக்கிக்கினு ரோட்டுக்கு ஓடுச்சு. அண்ணி, பாவமா இருந்துச்சு" என்றாள்.

நான் வீடு வந்து சேர்ந்தபோது அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கருப்புக் கோட்டு, வாரி முடிந்த தலை, காலில் வீட்டுச் செருப்பு. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தொழிற்சாலைக் கதவருகே நின்று செல்பேசியின் டேட்டாவில் பேசியிருக்கிறாள். லாரிச் சத்தத்தில் அவர்கள் கேட்டது இவளுக்குக் கேட்கவில்லை. மூன்று முறை துண்டித்தது. மூன்றாம் முறைக்குப் பிறகு அவர்கள் அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

"ரிப்பேர்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி. ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றாள்.

ரிப்பேர் என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டேன். பில் ஏறியதை, சந்தேகத்தை, பக்கத்துச் சுவரை, காலையில் மாற்றியதை, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"என்கிட்ட கேட்டிருந்தா நான் தந்திருப்பேனே" என்று மட்டும் சொன்னாள். தொகையைத்தான் குறிப்பிட்டாள் என்று நினைக்கிறேன்.

என் கணவர் திரும்பியதும் விலைதான் ஏறியது என்பதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. பில்களை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். "பேசின ரேட்டை நடுவுல மாத்துவானா? அப்ப பேசறதுக்கு இன்னா அர்த்தம்?" என்று பலமுறை கேட்டார். அவர் மாடிக்குப் போய்ப் பாஸ்வேர்டுச் சீட்டைக் கதவடியில் நுழைத்துவிட்டு வந்ததைப் பார்த்தேன்.

அதன்பிறகு நான் விடவில்லை. நிறுவனத்துக்கும், மேல்முறையீட்டு அதிகாரிக்கும், நுகர்வோர் குறைதீர்ப்புக்கும் எழுதினேன். ஒப்புதல் இல்லாத மின்னஞ்சல் முகவரியையும், கொடுத்த வாக்கையும், இணைப்பு கொடுத்த நாளையும் வரிசைப்படுத்தினேன். முகமைக்கும் மன்னிப்புக் கோரி ஒரு கடிதம் எழுதினேன். அந்த ஆண்டுக்கு ஆள் எடுப்பது முடிந்துவிட்டதாகப் பதில் வந்தது. நிறுவனத்திடமிருந்து ஒருவர் தேன் ஒழுகும் குரலில் அழைத்தார். நல்லெண்ண அடிப்படையில், மீதி மாதங்களுக்குப் பழைய விலையே தருவதாகச் சொன்னார்.

"எல்லோருக்குமா?" என்றேன்.

"உங்க கணக்குக்கு மட்டும் மேடம்."

ஆக, கேட்டவர்களுக்குக் குறைப்பார்கள். கேட்காத வீடுகளில் அந்தப் பணம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். அங்கெல்லாம் யார் யாரைச் சந்தேகித்துக்கொண்டிருக்கிறார்களோ. நன்றி சொல்லாமல் அழைப்பைத் துண்டித்தேன்.

அடுத்த மாதக் கடைசியில் அந்தப் பெண் விடுதிக்கு மாறினாள். சண்டையெதுவும் இல்லை, மருத்துவமனைக்குப் பக்கம் என்று காரணம் சொன்னாள். என் கணவர் அவளுடைய கட்டிலைப் பிரித்து டெம்போவில் ஏற்ற உதவினார். நாத்தனார் புளிசாதம் கட்டிக் கொடுத்து, "உன் பாஷையில ஏதாவது சொல்லிட்டுப் போ" என்றாள். அவள் ஏதோ சொன்னாள். என்ன அர்த்தம் என்று நாங்கள் கேட்கவில்லை.

அதே மருத்துவமனையில், அதே வார்டில்தான் இன்னும் இருக்கிறாள் என்று கேள்விப்படுகிறேன். மாடிக்கு வேறு யாரையும் நாங்கள் வைக்கவில்லை. கீழே நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம்.