வெற்றிலைத் தட்டை எடுக்காதவன்

நான் எழுதுவது காதல் நாவல். "எங்கிருந்தும்மா புடிச்சீங்க இப்படி ஒரு ஆம்பளையை?" என்று வாசகிகள் கேட்பார்கள். எங்கே போய்ப் பிடிப்பது! எங்கள் சொந்தத்திலேயே இருந்தான், அத்தை மகன். கருமம், இத்தனை வருஷம் ஆகியும் அவனை விட்டால் என் பேனாவுக்கு வேறு ஆள் தெரியவில்லை.

எருத்தேன்பதியில் எங்களுக்குத் தோட்டம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளை மணப்பெண் போல உடுத்திப் பக்கத்தில் நிறுத்தி, பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கு இப்போதே சம்பந்தம் பேசிவிடுவார்கள். அப்பா தன் கல்யாணத்தில் அத்தைக்கு அப்படி வாக்குக் கொடுத்தார். அம்மா வயிற்றில் வருவதற்கு முன்னாலேயே என் அக்காவுக்கு மாப்பிள்ளை முடிந்துபோனது.

அந்த மாப்பிள்ளை, போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறேன் என்று போய்விட்டான். எப்போதாவது வருவான். வந்தால் வீடே கலகலவென்று ஆகும். வாயைத் திறந்தால் பொய்தான். பொய் என்று தெரிந்தே அம்மா சிரித்துக்கொண்டு இன்னொரு தோசை ஊற்றுவாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "தை பொறக்கட்டுமுங்க மாமா" என்பான். தை பாட்டுக்குப் பிறந்து பிறந்து போனது. அக்காவுக்கு வயசு ஏறியது.

அப்போதுதான் மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாடு வைத்துப் பால் ஊற்றுகிற குடும்பம். பெண் பார்க்க வந்த மனுஷன் அக்காவை நிமிர்ந்து பார்க்கவே கூச்சப்பட்டார். போகும்போது, "ஏனுங்க, அந்தச் செவலைக்கு மடி வீங்கியிருக்குதுங்க, பாத்துக்கோங்க" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆனால் முறைப்பையன் இருக்கும்போது வெளியே கொடுப்பதென்றால், சபையில் அவனிடம் வெற்றிலைத் தட்டை நீட்ட வேண்டும். அவன் எடுத்துக்கொண்டால் முறையை விட்டுக்கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். மீனாட்சிபுரத்துக்காரர்களையும் சபையில் உட்காரவைத்து, ஆள் அனுப்பி அவனை வரவழைத்தோம். வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தான். அப்பா தட்டை நீட்டினார். அவன் கையைக் கட்டிக்கொண்டான். கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்து, "அவ எனக்குன்னு பொறந்தவ மாமா. இன்னொருத்தனுக்குத் தூக்கிக் குடுக்க நான் ஆளில்ல" என்றான்.

மீனாட்சிபுரத்துக்காரர்கள் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஐயோ! அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கப்புறம் நான் அவள் முகத்தில் பார்க்கவில்லை. தாவணி போட ஆரம்பித்திருந்த எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த ஒரு காட்சியைத்தான் நாவலுக்கு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் நிச்சயத்தன்று வந்து தடுப்பான், இன்னொன்றில் மண்டபத்து வாசலில் வந்து நிற்பான்.

மறுநாள் காலையை மட்டும் நான் எழுதியதில்லை. முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டான். "தையில வாறனுங்க." அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. "வைக்கப்போர்ல படுத்த நாயி. தானும் திங்காது, மாட்டையும் திங்க உடாது" என்றாள். அதற்காக அக்கா அம்மாவோடு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தையும் போனது, அடுத்த தையும் போனது. அப்பா பஸ் ஏறிப் போடிமெட்டைத் தாண்டிப் போய் எஸ்டேட் லைன் வீட்டைக் கண்டுபிடித்தார். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, "உக்காருங்கய்யா, அவுக இப்ப வந்துருவாக" என்று பால் இல்லாத கட்டஞ்சாயா கொடுத்தாளாம். அப்பா காத்திருக்கவில்லை. ஊருக்கு வந்து நேராக அக்காவிடம் போனார். "கண்ணு, அவனுக்கு அங்க குடும்பம் இருக்குது. பாவம், அந்தப் பொண்ணு நல்ல புள்ளை. அவளையும் ஏமாத்திப்போடுவான்" என்றார்.

மீனாட்சிபுரத்து மனுஷனுக்கு அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் எங்கள் வாசலை யார் மிதிப்பார்கள்? "முறைப்பையனே கட்டாம உட்ட புள்ளை, என்னமோ இருக்கும்" என்றது ஊர். அக்கா மாட்டுக்கொட்டகையே கதி என்று ஆனாள்.

என் நாவல்களில் வில்லன் எப்போதும் அப்பாதான். வாக்கைப் பிடித்துக்கொண்டு மகளைத் தொலைத்த மனுஷன், வேறென்ன செய்ய? மீனாட்சிபுரத்துக்காரரை நாயகனாக்கவும் பார்த்தேன். ரெண்டு பக்கத்துக்குமேல் போகவில்லை. மாட்டைப் பற்றியே பேசுகிறார். அட, நல்லவனுக்கு வசனமே வரமாட்டேன் என்கிறது!

என் முதல் புத்தகம் வந்தபோது அக்காவின் காதோரம் நரைத்திருந்தது. கொட்டகை ஓரம் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தாள். மாடுகள் தண்ணிக்குக் கத்தின, அவள் எழவில்லை. கதையிலாவது அவளுக்கு ஒரு நல்லது நடக்கட்டும் என்றுதான் எழுதியிருந்தேன்.

"கடைசீல வந்தர்றானாக்கும்?"

"வந்தர்றான்க்கா."

"மன்னிப்பும் கேக்கறான்."

"ஆமாக்கா."

புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள். "ஏன் புள்ள அவனை வர வெச்சே? இதப் படிச்சுப்போட்டு எவளாச்சும் காத்துட்டு உக்காந்திருப்பாளே."

அதற்கப்புறம் நான் எழுதிய எதையும் அவள் தொட்டதில்லை. காத்திருப்பதை அவள் என்றைக்கோ விட்டுவிட்டாள். நான்தான், ஒவ்வொரு கதையிலும், கடைசிப் பக்கத்தில் அவனை வரவைத்துக்கொண்டே இருக்கிறேன்.