வெளியேறாதவன்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையிலேயே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். தொண்டையில் முடிச்சு விழுந்து, அறுவை செய்த பிறகு குரல் முழுதாகத் திரும்பவில்லை. கடைசி பெஞ்சுக்கு எட்டாத குரலை வைத்துக்கொண்டு வகுப்பு எடுக்க முடியுமா? வேலையை விட்டாள். வீட்டில் உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். கீழே கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் ஓடும்போதெல்லாம் அவள் மேசையில் டம்ளர் தண்ணீர் நடுங்கும்.

பக்கத்து மேசைக்காரனுக்குப் பட்டப்பெயர் விசில். வேலை ஓடும்போது விசிலடிப்பான், சிக்கலில் மாட்டிக்கொண்டால் நிறுத்திவிடுவான். அவளைவிட இளையவன், வாய் நீளம். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுப்பதுதான் கம்பெனியின் தொழில். கூட்டங்களில் டீச்சர் முணுமுணுப்பதைக் கேட்டு அவன்தான் எல்லோருக்கும் உரக்கச் சொல்வான். "டீச்சர் சொல்றாங்க, நீங்க கேக்கறது நடக்காது. நானா இருந்தா கொஞ்சம் நடக்கும்னு சொல்லி வைப்பேன். அவங்க கணக்கு டீச்சர், அவங்களையே நம்புங்க" என்பான். கூட்டம் சிரிக்கும், அவள் நினைத்தது நடந்துவிடும்.

இருவரும் சேர்ந்து கட்டியது நோயாளிகளைப் பதிவு செய்யும் மென்பொருள். அவர்கள் பின்பற்றிய முறையில், திரையில் தெரியும் ஒவ்வொரு பெட்டியும் பட்டனும் உண்மையில் சர்வரில் உயிரோடு இருக்கும் ஒரு காம்பொனென்ட், அதாவது ஒரு தனி உறுப்பு. உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு தொகுப்பை உருவாக்கி சர்வர் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். வார்டில் நர்ஸ் பட்டனை அழுத்தினால் சேதி சர்வருக்குப் போகும், அங்கிருந்து பதில் வரும். நர்ஸ் எழுந்துபோய் வெகுநேரம் எதையும் தொடாவிட்டால், ஆள் இல்லை என்று முடிவுகட்டி சர்வர் அவருக்காக வைத்திருந்ததை அழித்துவிடும். செஷன் முடிந்துவிட்டது என்பார்கள்.

இதுதான் நர்ஸ்களுக்குத் தலைவலியாக இருந்தது. பாதி நிரப்பும்போது யாராவது கூப்பிடுவார்கள். போய்விட்டு வந்து பார்த்தால் எல்லாம் காலி. அதனால் டீச்சர் ஒரு சின்னத் துண்டு எழுதிச் சேர்த்தாள். பக்கம் திறந்திருக்கும்வரை அது அவ்வப்போது சர்வருக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். ஆள் இருக்கிறார், அழிக்காதே என்று அதற்கு அர்த்தம்.

புதிய நர்ஸ்கள் பழகுவதற்காகத் தனியாக ஒரு பயிற்சி சர்வர் இருந்தது. இருவர் மேசைக்கும் நடுவில், தரையில் கிடந்த பழைய கணினிப் பெட்டி. அதில் இருந்த நோயாளிகள் எல்லாரும் கற்பனை. அது முழுக்க விசிலின் ராஜ்ஜியம். யாராவது தப்பாக நிரப்பினால் 'தவறான உள்ளீடு' என்று போட அவனுக்குப் பிடிக்காது. வயது முந்நூறு என்று போட்டால், 'முந்நூறா? ஆமையை அட்மிட் பண்றீங்களா?' என்று சிவப்பில் வரும். எடை இரண்டு கிலோ என்றால், 'காத்தடிச்சா பறந்துடுவார், ஜன்னலைச் சாத்துங்க.' பெயரை விட்டுவிட்டால், 'பேர் இல்லாம ஒரு ஆள் உள்ள வந்திருக்காரு, பிடிங்க!' பயிற்சிக்கு வந்த பெண்கள் வேண்டுமென்றே தப்புச் செய்து சிரிப்பார்கள்.

ஒரு நாள் காலை அவன் வேலைக்கு வரவில்லை. அவன் மனைவி போன் செய்தாள். வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தவன், மூச்சு வாங்குகிறது என்று எழுந்து போய்ப் படுத்தானாம். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. கம்பெனியே திரண்டு போனது. திரும்பி வந்த பிறகு அவன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை, நகர்த்தவும் இல்லை. கூட்டங்களில் டீச்சர் பேசும்போது மற்றவர்கள் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தார்கள். அவளுக்கு அது கூச்சமாக இருந்ததால் பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து, பயிற்சி சர்வரில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தைத் தற்செயலாகத் திறந்தாள். ஒரே ஒரு பெயர் இருந்தது. விசிலின் பெயர். பக்கத்தில் பச்சைப் புள்ளி.

முதுகில் யாரோ குளிர்ந்த கையை வைத்தது போல் இருந்தது. பழைய குப்பை ஏதோ அழியாமல் நிற்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சர்வரை நிறுத்தினாள். விசிறிச் சத்தம் அடங்கியது. மறுபடி ஓடவிட்டு அதே பக்கத்தைப் பார்த்தாள். பச்சைப் புள்ளி அங்கேயே இருந்தது.

அன்று முழுக்க அவளுக்குக் கை ஓடவில்லை. மறுநாள்தான் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். சர்வர் நிற்பதற்கு முன்னால் எல்லா செஷனையும் டிஸ்கில் எழுதிவைத்து, எழுந்ததும் மறுபடி படித்துக்கொள்ளும்படி விசில்தான் அமைத்து வைத்திருந்தான். காரணம் தெரிந்தும் பயம் போகவில்லை. அவளுடைய சமிக்ஞை இன்னும் வந்துகொண்டிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. மத்தியானங்களில் அந்த செஷன் அசைந்தது. வயதுப் பெட்டியில் ஏதோ எண் விழும். அழியும். வேறொன்று விழும். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காலி நாற்காலி.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"ஆள் இல்லாம லிஃப்ட் தானா மேல போகுது, பேய் இருக்குன்னு மாசத்துக்கு ஒருத்தர் எனக்கு போன் பண்றாங்க" என்றார் அவர். "போய்ப் பார்த்தா மேல யாராவது பட்டனை அழுத்தியிருப்பாங்க. உன் பெட்டிக்கும் மேல யாரு இருக்காங்கன்னு பாரு."

சமிக்ஞை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். விசிலின் வீட்டிலிருந்து. லேப்டாப் அப்படியே திறந்து கிடக்கிறது. அதன் முன்னால் உட்கார அந்த வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி.

அதற்கு மேல் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. முந்நூறு வயது. இரண்டு கிலோ எடை. பெயர் இல்லாத நோயாளி. அவன் மனைவி தினமும் மத்தியானம் உட்கார்ந்து வேண்டுமென்றே தப்பாக நிரப்புகிறாள். சர்வர் அவன் வார்த்தையில் அவளைக் கேலி செய்கிறது.

போன் செய்ய வேண்டும் என்று டீச்சருக்குத் தோன்றியது. செய்யவில்லை. என்ன சொல்வது? அதற்குப் பதிலாகத் தினமும் பார்த்தாள். நாளாக நாளாக ஒன்று கண்ணில் பட்டது. அந்தப் பெண் எல்லாத் தப்பையும் செய்து முடித்துவிட்டாள். ஒன்பது இலக்கத்தில் போன் நம்பர், முப்பத்திரண்டாம் தேதி, எல்லாம். வந்த பதிலே திரும்பத் திரும்ப வந்தது. ஆனாலும் அவள் விடவில்லை. விதவிதமாக, யாருக்கும் தோன்றாத தப்புகளாகப் போட்டுப் பார்த்தாள். அவனிடமிருந்து இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் டீச்சர் நிரலைத் திறந்து ஒரு வரி சேர்த்தாள். விசில் எப்படிப் பேசுவான் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? இத்தனை வருஷம் அவளுக்காகப் பேசியவன். பெயர்ப் பெட்டியில் வெறும் எண்களைப் போட்டால் வரும்படி எழுதினாள். 'பரவாயில்ல, மெதுவா பண்ணுங்க. நான் இங்கதான் இருக்கேன்.'

அன்று மத்தியானம் செஷன் அசைந்தது. ஒன்று, இரண்டு தப்புகள். பிறகு பெயர்ப் பெட்டியில் எண்கள். பதில் போனது. அதற்குப் பிறகு எதுவும் அசையவில்லை.

சற்று நேரத்தில் அவள் போன் அடித்தது.

"அக்கா, நான்தான்." விசிலின் மனைவி. "அவரோட லேப்டாப்புல யாரோ பேசறாங்க அக்கா. அவரை மாதிரி. ஆனா அவர் இல்ல."

டீச்சர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மேனேஜரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு நேராக அந்த வீட்டுக்குப் போனாள்.

ஜன்னலோரம் சாப்பாட்டு மேசை. அதன்மேல் லேப்டாப், பவர் வயர் குத்தியபடி. துடைத்துத் துடைத்து மினுமினுவென்று இருந்தது. ஆனால் தினமும் அழுத்தும் எண் கட்டைகளைத் தவிர, எழுத்துகள் இருக்கும் கட்டைகளில் தூசி துடைக்கப்படவில்லை. கை பட்டு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமாக இருக்கலாம். அந்தப் பெண் கதவருகிலேயே நின்றுகொண்டாள்.

"நான் எழுதினதும்மா அது" என்றாள் டீச்சர், நின்றபடியே. "நீ தேடறதைப் பார்த்துட்டே இருந்தேன். மனசு கேக்கல. எழுதிட்டேன்."

அந்தப் பெண் கதவை விட்டு உள்ளே வந்தாள்.

"அவர் ஒரு நாள் கூட பரவாயில்லன்னு சொன்னதில்லக்கா" என்றாள். "நான் எதையாவது உடைச்சா, அடுத்தது எதை உடைக்கப்போறன்னு கேப்பார். ஆறுதல் எல்லாம் அவருக்கு வராது. அதைப் படிச்சதும், வேற யாரோ அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு எதிர்ல உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. ஓடிப்போய் பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டேன்."

"மன்னிச்சுடும்மா."

"எனக்குத் தெரியும்க்கா, அது அவர் முன்னாடியே எழுதி வச்சதுன்னு. நான் என்ன சின்னக் குழந்தையா? ஆனா பட்டனை அழுத்தினா ஒரு நிமிஷம் திரையில வட்டம் சுத்தும் பாருங்க, அப்போ அவர் யோசிக்கிற மாதிரியே இருக்கும். என்ன சொல்லி கிண்டல் பண்ணலாம்னு யோசிப்பாரே, அந்த மாதிரி."

டீச்சர் தலையை மட்டும் அசைத்தாள். அந்தச் சுழற்சி பழைய பெட்டி மெதுவாக ஓடுவதால் வருவது. அதை அவள் சொல்லவில்லை. இன்னொன்றைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. கம்பெனி எல்லாவற்றையும் வேறு முறைக்கு மாற்றிக்கொண்டிருந்தது. இனிமேல் சர்வர் யாருடைய பக்கத்தையும் நினைவில் வைத்திருக்காது, எல்லா வேலையும் பார்ப்பவர் கணினியிலேயே நடந்துவிடும். பழைய பெட்டியைத் தூக்கிப்போடச் சொல்லி மேனேஜர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தாள்.

"இதை ஓட்டற பெட்டியைத் தூக்கிப்போடப் போறாங்கம்மா. வேணும்னா உனக்கே வாங்கித் தரேன். இங்கயே வச்சு ஓட்டிக்கலாம்."

அந்தப் பெண் திரையின் மூலையைக் காட்டினாள். "இந்த வெளியேறுங்கிறதை அழுத்தினா என்ன ஆகும்?"

"அவனுக்காக வச்சிருந்ததை எல்லாம் சர்வர் விட்டுடும். மறுபடி உள்ள போக பாஸ்வேர்டு வேணும்."

"அது எனக்குத் தெரியாது."

"நான் மாத்தித் தர முடியும்."

"வேண்டாம்க்கா" என்றாள் சட்டென்று. பிறகு, "இன்னிக்கி ஒண்ணும் வேண்டாம். நீங்க எழுதினதை மட்டும் எடுத்துடுங்க. காபி போடட்டுமா?"

டீச்சர் காபி குடித்துவிட்டுத் திரும்பினாள். தன் வரியை அழித்தாள். மத்தியானங்களில் பெட்டிகளில் என்ன விழுகிறது என்று பார்ப்பதையும் விட்டுவிட்டாள். அடுத்தவர் படுக்கையறையை எட்டிப்பார்ப்பது போல இத்தனை நாள் செய்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் காலையில் வந்ததும் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். இருக்கும். நாற்காலியை இழுத்துப்போட்டு வேலையைத் தொடங்குவாள். மேனேஜர் கேட்டால், "இன்னும் கொஞ்சம் சோதனை பாக்கி சார்" என்பாள். அந்தப் பெண்ணுக்காகத்தான் தள்ளிப்போடுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

மழைக்கால ஆரம்பத்தில், பட்டப்பகலில், அலுவலகத்தில் எல்லோரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்தை அவள் யதேச்சையாகப் புதுப்பித்தாள். பெயர் இல்லை. யாரும் உள்ளே இல்லை என்று எழுதியிருந்தது. மின்சாரம் போயிருக்கும், லேப்டாப் அணைந்திருக்கும் என்று நினைத்து, யார் எப்போது என்ன செய்தார்கள் என்று பதிவாகும் லாகைத் திறந்தாள். அப்படி இல்லை. வெளியேறு பட்டன் அழுத்தப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு தப்பும் போடப்படவில்லை. கடைசியாக ஒரு தடவை கேட்டுக்கொண்டு போக வேண்டும் என்றுகூட அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை.

டீச்சர் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். சோதனை ஒன்றும் பாக்கி இல்லை என்று மேனேஜரிடம் சொன்னாள். பெட்டியை நிறுத்தி, வயர்களைக் கழற்றி, தானே தூக்கி மாடிப்படி இறங்கினாள். நெஞ்சோடு அணைத்துப் பிடித்த இடத்தில் அது இன்னும் சூடாக இருந்தது. இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கவே, அதைப் படியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கேதான் அழுதாள். சத்தம் வராத அழுகை என்பதால் யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

விசிலின் மனைவி பிறகு தன் தங்கை இருக்கும் ஊருக்குக் குடிபோய்விட்டாள். எப்போதாவது போன் செய்வாள். மருந்துக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது, கால் வலிக்கிறது, தங்கை பிள்ளைகள் படுத்துகிறார்கள். அவனைப் பற்றிப் பேசுவார்கள், அந்த மத்தியானங்களைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

டீச்சர் இன்னமும் அதே மேசையில்தான் இருக்கிறாள். புதிய மென்பொருளைச் சோதிக்கும்போது அவளும் தப்பாக நிரப்பிப் பார்க்கிறாள். பதில் உடனே வந்துவிடுகிறது. சேதி எங்கும் போவதில்லை, யாரையும் கேட்பதில்லை, வட்டம் சுழல்வதில்லை. அப்படியும் பட்டனை அழுத்திய பிறகு விரலை எடுக்காமல் கொஞ்சம் காத்திருக்கிறாள். ஏன் என்று ஒருமுறை பக்கத்தில் இருந்தவர் கேட்டார். பழக்கதோஷம் என்றாள், அவருக்குக் கேட்டதோ இல்லையோ.