முட்டையம்மாவின் திங்கட்கிழமைக் கடிதங்கள்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. துறை கொடுத்த அடையாள அட்டையிலும் அது அச்சாகியிருந்தது. ஆனால் ஊர்க்கோடியில், உயரமான மதிலுக்குப் பின்னால் இருந்த சிறுமியர் இல்லத்தின் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் அவள் முட்டையம்மாதான். சட்டத்தோடு முட்டிக்கொண்ட, பதினெட்டு நிரம்பாத பெண்பிள்ளைகளை நீதிமன்றம் அனுப்பிவைக்கும் இடம் அது. அவள் வரும் நாளில் தட்டுக்கு ஒரு அவித்த முட்டை உண்டு. வராத நாளில் முட்டையும் இல்லை, அம்மாவும் இல்லை.

இந்தப் பெயர் காதில் விழுந்தபோது பிரியத்தில்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, மூன்று வருஷம் உச்சி குளிர்ந்துபோய் இருந்தாள். இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் அவள் செய்த முதல் தவறு அது. சின்னத் தவறுதான். பெரியது பின்னால் வருகிறது.

சின்ன வயதிலிருந்தே அவள் எண்ணுகிறவள். படி ஏறினால் படியை எண்ணுவாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை சட்டையில் ஒரு பொத்தான் குறைகிறது என்று அவன் காதிலேயே சொன்னாள். மாப்பிள்ளை தையல்காரர். அன்றைக்குப் போன மானம் இன்னும் திரும்பவில்லை என்று அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்டவளை மேற்பார்வை அலுவலர் ஆக்காமல் வேறு யாரை ஆக்குவார்கள்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு இல்லத்துக்கும் போவாள். படிவத்தில் எண்பத்துநான்கு கேள்விகள். ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

போவதற்குப் பதினைந்து நாள் முன்னால் கடிதம் அனுப்ப வேண்டும் என்பது விதி. சாவி வைத்திருக்கும் ஆள் ஊரில் இருக்க வேண்டுமே, அதற்காகவாம். அந்தப் பதினைந்து நாளில் இல்லங்கள் சுவருக்கு வெள்ளையடித்துவிடும். நன்றாகக் காய்வதற்குள் இவள் போய் நிற்பாள். முழங்கையில் பச்சை ஒட்டியிருந்தால் பையன்கள் இல்லம், மஞ்சள் என்றால் சிறுமியர் இல்லம். அவளுடைய உடுப்புகளைக் கொடியில் வரிசையாகப் போட்டால், துறையின் இருபத்தாறு வருஷ வரலாறும் அதில் தொங்கும். முழங்கைக்கு ஒட்டுப் போட்டுப் போட்டே தன் கை ரேகை தேய்ந்துவிட்டதாகப் புருஷன் புலம்புவார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி நிஜம்.

படிவத்தின் முப்பத்தொன்றாவது கேள்வி, ‘தனிமை அறை உள்ளதா?’ என்பது. சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத கடைசி அறை ஒன்று உண்டு. அதைத் திறந்து பார்ப்பாள். உள்ளே துடைப்பங்களும் பிளாஸ்டிக் வாளிகளும் இருக்கும். வாளிகள் பதினொன்று. ‘இல்லை’ என்று டிக் அடிப்பாள். இப்படி எத்தனை தடவை அடித்தாள் என்று கேட்டால், எண்ணுகிறவளுக்கே சொல்ல வாய் வராது.

ஒருநாள் ஈரம் காயாத மஞ்சள் சுவரில் சாய்ந்துவிடாமல் ஒதுங்கி நின்று படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் வந்து எட்டிப் பார்த்தாள். பதினைந்து வயது. வந்த முதல் வாரத்திலேயே மதிலேறிக் குதித்துக் கால் பிசகியதால் அவளை எல்லோரும் வெட்டுக்கிளி என்பார்கள்.

“என்னம்மா, வாளியெல்லாம் சரியா இருக்கா?”

“இருக்கு. பதினொண்ணு.”

“தினமும் பதினொண்ணுதான். ஆனா நீங்க வர்ற அன்னிக்கு மட்டுந்தான் வாளி உள்ள இருக்கும். மத்த நாள்ல வாளி வெளிய இருக்கும்.”

“அப்ப உள்ள?”

“நான்தான். சில நாள் குட்டச்சி. வாய் நீளம் யாருக்கோ அவங்க.” பிறகு சமாதானம் சொல்வது போலச் சொன்னாள்: “வாளி நாத்தம் பழகிடும்மா. இருட்டுதான் பழகல.”

முட்டையம்மா அன்று முப்பத்தொன்றாம் கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் அடித்தாள். குறிப்புப் பத்தியில் இரண்டு வரிக்குத்தான் இடம். அவள் ஓரத்தில் ஏறி, மேலே போய், காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள். பெண்ணின் பெயரை மட்டும் எழுதவில்லை.

துறை சும்மா இருக்கவில்லை, நியாயத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் கொண்ட குழு போட்டார்கள். குழு பதினைந்து நாள் முன்னால் கடிதம் அனுப்பிவிட்டுப் போனது. அறையைத் திறந்தது. எண்ணியது. ‘குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. வாளிகள் பதினொன்று, நல்ல நிலையில் உள்ளன’ என்று அறிக்கை கொடுத்தது. அடுத்த முறை முட்டையம்மா போனபோது வெட்டுக்கிளி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: “யாரு சொன்னான்னு கண்டுபிடிச்சிட்டாங்கம்மா. நாலு நாள் உள்ள. பரவால்ல, நீங்க எழுதுனதுக்கு நாலு நாள் கம்மிதான்.”

சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போய் நின்றால் என்ன என்று தோன்றியது. போனாள். வாசல் காவலர் அவளைப் பல வருஷமாகத் தெரிந்தவர். அவள் மகளுடைய பரீட்சை மதிப்பெண் வரைக்கும் விசாரிக்கிறவர்.

“எழுத்து இருக்காம்மா?”

“என்னண்ணே, என்னத் தெரியாதா உங்களுக்கு?”

“உங்களத் தெரியும்மா. எழுத்து இல்லாம கதவத் திறந்தா, நாளைக்கு என்னை யாருக்கும் தெரியாமப் போயிடும்.”

கதவோரத்து பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். உள்ளிருந்து அனுமதி வந்து அவள் கடைசி அறைக்குப் போனபோது, வாளிகள் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. இல்லத்துக் கண்காணிப்பாளர் அம்மாள் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகவே பேசினாள். “நாப்பத்திரண்டு பேருக்கு நாங்க நாலு பேரு மேடம். ரெண்டு பேரு முடியப் பிடிச்சு உருள்றாங்கன்னா நான் எங்க கொண்டுபோய் வைக்க? உங்க படிவத்துல அதுக்கு ஒரு கேள்வி போடுங்களேன்.” அந்த அம்மாள் பொல்லாதவளாக இருந்திருந்தால் முட்டையம்மாவுக்கு அன்று சோறாவது இறங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் புருஷன் தையல் மெஷினைத் தலைதெறிக்க ஓட்டிக்கொண்டிருந்தார். மிதிக்கிற வேகத்துக்கு மெஷின் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருக்க வேண்டும்.

“என்னங்க, யாரு துரத்துறா?”

“மாடிவீட்டம்மா போன் பண்ணாங்க. ரவிக்கை வாங்க வர்றாங்களாம்.”

“எப்ப?”

“அதத்தான் சொல்ல மாட்டேங்கிறாங்க. காலைலேர்ந்து வர்றேன் வர்றேன்னு நாலு போன். வந்து நின்னாக்கூட ‘நாளைக்கு வாங்க’ன்னு அனுப்பிடுவேன். வர்றேன்னு சொல்றவங்கள என்ன பண்றது? அவங்க வர்றதே இல்ல, ஆனா அவங்க துணிதான் முதல்ல முடியுது.”

முட்டையம்மா கைப்பையை இறக்கிவைக்காமலே நின்றாள்.

விதிப் புத்தகத்தை எடுத்தாள். கடிதம் அனுப்பாமல் போகக் கூடாது என்று எழுதியிருந்தது. கடிதம் அனுப்பினால் போயே ஆக வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. அலுவல் காரணமாக ஒத்திவைக்கலாம். எத்தனை முறை ஒத்திவைக்கலாம் என்று எழுத, விதி எழுதிய புண்ணியவானுக்குத் தோன்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை முதல் கடிதம் போனது. ‘பதினைந்து நாள் கழித்து வரும் வாரத்தில் ஏதேனும் ஒரு நாள் ஆய்வு நடைபெறும்.’ அதற்கடுத்த திங்கள் அடுத்த வாரத்துக்கு ஒன்று. அதற்கடுத்த திங்கள் இன்னொன்று. படிவத்தில் ஒரு டிக்கைக்கூடப் பொய்யாக அடிக்காதவள், வாரத்துக்கு ஒரு பொய்யை முத்திரை குத்தி அனுப்பினாள்.

அந்த ஒரு வருஷம் இல்லம் பட்ட பாட்டைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வெள்ளையடித்து வெள்ளையடித்துச் சுவர் தடித்து, சாப்பாட்டுக்கூடம் ஒரு சாண் சுருங்கிவிட்டது. தினமும் நாற்பத்திரண்டு முட்டை போட்டுக் கொடுத்த களைப்பில் சுற்றுவட்டாரக் கோழிகள் எல்லாம் விடுப்பு எழுதிக் கொடுத்தன. சமையல்காரர் தூக்கத்தில்கூட ஓடு உரித்தார். கண்காணிப்பாளர் அம்மாள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து நின்று நின்று, வருஷக் கடைசியில் உட்காரவே மறந்துபோனாள். வாளிகள் மட்டும் பதினொன்றும் கடைசி அறைக்குள் சௌகரியமாக இருந்தன. அவற்றை வெளியே எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை முட்டையம்மா நிஜமாகவே போனாள். வெட்டுக்கிளி கண்ணைச் சிமிட்டுவாள்.

“எப்படி இருக்க?”

“முட்டைன்னாலே குமட்டுதும்மா. வேற ஏதாவது பேரு வெச்சுக்குங்க.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொள்வாள். “ஒரு நாள்கூட இல்லம்மா. வாளிதான் உள்ள.”

முட்டையம்மா ‘தனிமை அறை உள்ளதா?’ என்பதற்கு ‘இல்லை’ என்று டிக் அடிப்பாள். அன்றைக்கு இல்லையே. கண்ணால் பார்த்ததைத்தானே எழுத வேண்டும். இப்படி நான்கு முறை. நான்கிலும் குறை ஒன்றும் இல்லை. பெரிய தவறு என்று முன்னே சொன்னேனே, அது இந்த நான்கு கையெழுத்துகள்தான்.

ஐம்பத்து மூன்றாவது திங்கட்கிழமை, கடிதங்களுக்கு எண் போட்டு அனுப்பும் பிரிவிலிருந்து அவள் கடிதம் திரும்பி வந்தது. ‘இந்த இல்லத்துக்கு எண் போட முடியாது’ என்றார்கள். துறையில் புது உத்தரவு வந்திருந்தது. தொடர்ந்து நான்கு ஆய்வுகளில் குறையே இல்லாத இல்லம் நம்பிக்கைக்குரிய இல்லம். அதற்கு இரண்டு வருஷத்துக்கு ஆய்வு கிடையாது, அறிவிப்பும் கிடையாது. அறுபது இல்லங்களுக்கு மூன்றே அலுவலர்கள். எங்கேயாவது குறைக்கத்தானே வேண்டும். பட்டியலில் முதல் பெயர் சிறுமியர் இல்லம்.

இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

“சார், அங்க ஜன்னல் இல்லாத ஒரு அறை இருக்கு. பிள்ளைங்கள அதுல போட்டுப் பூட்டுறாங்க.”

அவர் கோப்பைப் புரட்டினார். “இல்லைன்னு எழுதியிருக்கே. யாரு எழுதினது... நீங்கதானேம்மா? நாலு தடவ.”

“அது என் கடிதத்தாலதான் சார் திறந்து கிடந்துது. வாரா வாரம் வர்றேன்னு சும்மா எழுதி அனுப்புனேன். வரணும்னு இல்ல. பயப்படணும்னுதான்.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நல்ல மனுஷர். அதுதான் கஷ்டம்.

“இப்ப சொன்னத நான் கேக்கல. கேட்டேன்னா, முதல்ல உங்கள வேலையவிட்டு நிறுத்தி வெக்கணும். அப்புறம் உங்க நாலு அறிக்கையும் செல்லாது. அப்ப மிச்சம் இருக்கிறது என்ன? குழுவோட அறிக்கை. அதுல என்ன இருக்கு?”

“வாளி சார்.”

“எத்தனை?”

“பதினொண்ணு சார்.”

அவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். “ரெண்டு வருஷம்தானேம்மா. கண்ண மூடித் திறந்தா ஓடிடும்.”

முட்டையம்மாவுக்கு எண்ணாமல் இருக்க முடியுமா? வெட்டுக்கிளிக்குப் பதினெட்டு நிரம்ப இன்னும் ஒரு வருஷம் ஐந்து மாதம்.

நம்பிக்கைக்குரிய இல்லம் என்ற சான்றிதழைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதும் அவள்தான்; ஆய்வு செய்த அலுவலர் கொடுப்பதுதான் முறையாம். கடைசியாக ஒரு கடிதம் எண் போட்டுக் கிடைத்தது. சமையல்காரர் முட்டை அவித்தார். கண்காணிப்பாளர் அம்மாள் சான்றிதழை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். “இனிமே கொஞ்சம் மூச்சு விடலாம் மேடம்,” என்றாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. இவளும் சிரித்து வைத்தாள். கடைசி அறையை எட்டிப் பார்த்தாள். பதினொன்று.

வெட்டுக்கிளி முட்டையைத் தின்னவில்லை. பாவாடை மடிப்பில் சுற்றி வைத்திருந்தாள்.

“குமட்டுதுன்னு சொன்னியே, எதுக்கு எடுத்து வெக்கிற?”

“இனிமே எப்பன்னு தெரியாதுல்ல.” சான்றிதழ் எதற்கு என்று பிள்ளைகளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. “ரெண்டு வருஷமாம்மா?”

முட்டையம்மா இருபத்தாறு வருஷமாக ஆம், இல்லை என்று எழுதியவள். இதற்கு இரண்டும் வாயில் வரவில்லை.

“நாங்க எதுவும் தப்பா சொல்லிட்டோமா? நல்லா இருக்குன்னுதானே சொன்னோம்,” என்றாள் அந்தப் பெண்.

“நீ ஒண்ணும் தப்பு பண்ணல. நான்தான்...”

“விடுங்கம்மா. ஒரு வருஷம் வெளியில இருந்தேன்ல.” பெரிய மனுஷி மாதிரி இவள் முழங்கையைத் தட்டிவிட்டாள். மஞ்சள் போகவில்லை. “இதுக்கு ஒட்டுப் போடாதீங்க, அப்படியே இருக்கட்டும்.”

வாசல் காவலர் கதவைத் திறந்து விறைப்பாக வணக்கம் வைத்தார். முட்டையம்மா வெளியே வந்து நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில், அவளுக்கே காரணம் தெரியாமல் திரும்பிப் பார்த்தாள். கதவு இன்னும் முழுக்கச் சாத்தவில்லை. இடைவெளியில் நடைபாதை தெரிந்தது. சமையல்காரர் கைக்கு ஒன்றாக வாளிகளை வெளியே கொண்டுவந்து வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நாலு. ஆறு. எட்டு.

ஓடிவந்து கதவில் கை வைத்தாள்.

காவலர் அவளையே பார்த்தார். பிறகு குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

“எழுத்து இருக்காம்மா?”

உள்ளே பத்தாவது வாளி கவிழ்ந்த சத்தம் கேட்டது, பிறகு பதினொன்றாவது. அதற்கப்புறம் எண்ண ஒன்றும் இல்லை. கதவோரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். காவலர் கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டு, அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.