பாவம் பார்க்கிற கவுன்சிலர்

சோமனூரில் ஒரு கல்யாணப் பந்தியில் அவர் என் பக்கத்து இலைக்காரர். பட்டுச் சட்டை, நல்ல தொப்பை. யாரைப் பார்த்தாலும் "பாவமுங்க" என்பார். சாம்பார் வாளியோடு ஓடியவர் பாவம், இலையெடுக்க நின்ற அம்மா பாவம்.

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊருக்குக் கவுன்சிலராம். வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி விற்று ஊர்களையே அதற்கு அடிமையாக்கிய கம்பெனிகள் மேல் அங்கே ஊர் ஊராகக் கேஸ் போட்டார்கள். இவர் ஊரும் சேர்ந்துகொண்டது.

"இனிமே கேஸ் போட மாட்டோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தோமுங்க. கம்பெனிக்காரங்க குடுத்த நஷ்டஈட்டுல எங்க பங்கு வந்துருச்சுங்க" என்றார், ஊருக்குக் குளம் வெட்டினவர் மாதிரி.

"அந்தக் காசுல என்னங்க பண்ணுனீங்க?"

"போலீசுக்குப் புது வண்டி வாங்கிப்போட்டோமுங்க."

போனில் படம் காட்டினார். வண்டிக்கு முன்னால் ரிப்பனும் கத்தரியுமாக இவரே நின்றார். எந்தத் தேசத்துக்குப் போனாலும் கவுன்சிலர் கவுன்சிலர்தான்.

"ஏனுங்க, மாத்திரைக்கு அடிமையாகிக் கெடக்கறவங்களுக்கு ஒண்ணும் செய்யலீங்களா?"

பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, விவரம் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அவங்களப் புடிக்கத்தானுங்களே வண்டி. பாவமுங்க."

அவ்வளவு இளகின மனசுக்காரரை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை.